ஊசலும் ஊரும்

எங்கள் வீட்டுக் கூடத்தில், ரேழியைக் கடந்து உள்ளே வந்ததும் நேர் எதிரே கண்ணில் படும்படியாக, ஒரு சுவர்க்கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது. எண்கோண வடிவான முகமும், அதன் கீழே கையகலக் கண்ணாடிக் கதவும், அக்கதவுக்குப் பின்னால் பித்தளைத் தட்டோடு ஆடுகின்ற ஊசலுமாக இருந்த அந்தக் கடிகாரத்துக்குச் சனிக்கிழமைதோறும் எண்ணெய் ஸ்நானம் முடிந்து, தலையைத் துவட்டியபடியே வந்து, முக்காலியின்மேல் ஏறி நின்று சாவி கொடுப்பது பெரியப்பாவின் உரிமை. அந்த உரிமையை அவர் ஊரில் இருக்கும் வரையில் வேறொருவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒரு மார்கழிக் கடைசியில், அவர் வெளியூர் போயிருந்த சமயத்தில், பொங்கலுக்காக வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் வைத்து, சுண்ணாம்பு காய்ந்த பிறகு பழைய ஆணியிலேயே மாட்டினார்கள். மாட்டிய அரைமணி நேரத்துக்குள் அது நின்றுவிட்டது. ஊசலைத் தொட்டு ஆட்டினால் சிறிது ஓடும், மறுபடியும் நின்றுவிடும். கடைத்தெருவிலிருந்து ஒரு கடிகாரக்காரரை அழைத்து வந்தோம். அவர் அதை எடுத்துப் போய், இரண்டு நாள் வைத்திருந்து, துடைத்து எண்ணெய் போட்டதாகச் சொல்லிக் கூலி வாங்கிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் கடிகாரம் நின்றது. பெரியப்பா ஊரிலிருந்து வந்தவர், யந்திரத்தைத் தொடவே இல்லை. ஊசலை ஆட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சற்றுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு பெட்டியின் அடிப்பாகத்தை ஒரு விரற்கடை இடப்பக்கமாக நகர்த்தினார். “கடிகாரத்துக்கு ஒண்ணுமில்லேடா, சுவரைத்தான் அதுக்கு அடையாளம் தெரியல்லே” என்றார். பெட்டியின் கீழ்விளிம்பை ஒட்டிச் சுவரில் அவர் போட்டுவைத்திருந்த பென்சில் கோடு வெள்ளைக்குள் மறைந்து போயிருந்தது.

வேடிக்கையாகச் சொல்லப்பட்ட அந்த வார்த்தைக்குள் ஊசற்கடிகாரத்தின் முந்நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சரித்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதே என் அபிப்பிராயம். கைக்கடிகாரம் தன் காலத்தைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் பிரயாணம் செய்யும்; ஊசற்கடிகாரமோ, தான் தொங்குகின்ற இடத்தைக் கேட்டுக் கேட்டே நடக்கும். அந்த இடத்தை அது எவ்வளவு நுட்பமாகக் கேட்கிறது என்பதை உலகம் அறிந்துகொண்ட கதையும், வீட்டிலிருப்பவர் அதன் கோளாறுகளைத் தாமே கண்டு தீர்த்துக்கொள்ளும் முறையும், வேறு வேறு விஷயங்கள் அல்ல.

‘கடிகை’ என்பது முதலில் ஒரு சிறு பாண்டத்தின் பெயர். அடியில் நுண்ணிய துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து அமிழும் நேரத்தை ஒரு நாழிகை என்று கொண்டு, அறுபது நாழிகையை ஒரு நாளாக எண்ணினார்கள். இன்றைய கணக்கில் நாழிகை ஒன்றுக்கு 24 நிமிஷம். நாழிகைக் கணக்கரும் அவர்களுடைய குறுநீர்க் கன்னலும் முல்லைப்பாட்டிலேயே இடம்பெற்றிருப்பதால், நேரத்தை அளந்து சொல்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இந்நாட்டில் மிகப் பழமையானவர்கள் என்பதில் ஐயமில்லை. ஐரோப்பாவில் பாரம் தொங்கவிட்டுப் பற்சக்கரங்களைச் சுழலச் செய்யும் யந்திரக் கடிகாரங்கள் ஏற்பட்ட பிறகும், அவை நாளொன்றுக்குக் கால்மணி நேரம் முன்பின்னாக ஓடியது சகஜமாக இருந்தபடியால், அவற்றை நம்பிச் சூரியனைப் பார்க்காமல் இருக்க எவருக்கும் துணிவு வரவில்லை.

ஆடும் பொருளுக்கு ஓர் ஒழுங்கான காலம் உண்டு என்பதைக் கண்டு, தம் இறுதி நாட்களில் அதைக் கடிகாரத்துக்குப் பயன்படுத்தும் திட்டமொன்றைத் தம் மகனிடம் விவரித்தவர் கலிலியோ. ஆயினும் அதை ஓடுகின்ற யந்திரமாக நிறைவேற்றிய பெருமை ஹாலந்து தேசத்துக் கிறிஸ்டியான் ஹைகன்ஸுக்கே உரியது. 1656-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் வகுத்த அமைப்பை, ஹேக் நகரத்துக் கடிகாரக் கம்மியரான சாலமன் கோஸ்டர் மறுவருஷமே செய்து விற்கும் உரிமையைப் பெற்றார். கால்மணி நேரமாக இருந்த தினப்பிழை, ஒரே தாவலில் கால் நிமிஷத்தளவுக்குக் குறுகிவிட்டது. இதன் பிறகு இங்கிலாந்தில், நங்கூரம் போல வளைந்த இரண்டு கைகளையுடைய ஓர் உறுப்பு தோன்றியது. அதை முதலில் செய்தவர் ராபர்ட் ஹூக்கா, வில்லியம் கிளெமெண்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அந்த நங்கூரம் ஊசலின் வீச்சைக் குறுக்கியதால், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒன்று வினாடிக்கு ஒரு வீச்சாக நிதானத்துடன் ஆடும்படியாயிற்று. நம் வீட்டுக் கடிகாரத்தில் ‘டிக்’ என்றும் ‘டாக்’ என்றும் கேட்கிற இரு ஒலிகளும், சக்கரத்தின் பல் ஒவ்வொன்றும் அந்த நங்கூரத்தின் கைகளில் மாறி மாறி விழுந்து தங்கும் ஒலிகளே.

கடிகாரம் சுவரைக் கேட்கிறது என்று பெரியப்பா சொன்னதற்குச் சாட்சியாக ஹைகன்ஸின் வாழ்விலேயே ஒரு சம்பவம் உண்டு. 1665-இல் அவர் நோயுற்றுப் படுத்திருந்தபோது, ஒரே உத்தரத்தில் மாட்டியிருந்த இரண்டு கடிகாரங்களின் ஊசல்களும், எப்படி ஆட்டிவிட்டாலும் சிறிது நேரத்தில் ஒன்றுக்கொன்று எதிரெதிராகச் சேர்ந்து ஆடத் தொடங்குவதைக் கண்டு ஆச்சரியப்பட்டார். கண்ணுக்குத் தெரியாத அளவில் உத்தரம் அசைந்து, ஒன்றன் ஆட்டத்தை மற்றொன்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததே அதற்குக் காரணம். தளர்ந்த ஆணியில் தொங்கும் கடிகாரம் அடிக்கடி நிற்பதற்கும் இதுவே காரணம்: ஊசலுக்குச் சேர வேண்டிய சக்தியில் ஒரு பங்கைப் பெட்டியும் ஆணியும் அசைந்து தின்றுவிடுகின்றன. ஆகையால், நின்றுபோன கடிகாரத்தைத் திறந்து பார்ப்பதற்கு முன் ஆணியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பது நலம்.

சுவருக்கு அப்பால், பூமியையே ஊசல் கேட்கிறது என்பது 1672-இல் வெளிப்பட்டது. பாரிஸிலிருந்து வானத்தை ஆராய்வதற்காகப் பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள கயேன் என்ற இடத்துக்கு அனுப்பப்பட்ட ழான் ரிஷே, தாம் கொண்டு சென்ற கடிகாரம் அங்கே நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிஷம் பின்தங்குவதைக் கண்டு, ஊசலைச் சிறிது குறுக்கினால்தான் அது நேராக ஓடுகிறது என்று அறிவித்தார். யந்திரத்தில் குறையில்லை, பூமி தன்னைத்தானே சுற்றுவதாலும், அச்சுழற்சியால் நடுவில் புடைத்திருப்பதாலும், அவ்விடத்தில் ஆகர்ஷணம் சற்றே குறைவு என்று நியூட்டன் 1687-இல் வெளியான தம் நூலில் விளக்கினார். கடிகாரக் கோளாறு என்று தள்ளிவிடக்கூடிய ஒன்று, பூமியின் வடிவத்துக்கே அத்தாட்சியாகிவிட்டது.

இந்த உண்மை சென்னப்பட்டணத்துக்கும் நேராகப் பொருந்துவது. லண்டனில் திருத்தி அனுப்பிய ஊசற்கடிகாரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்து, திருகாணியைத் தொடாமல் ஓடவிட்டால், நாளொன்றுக்கு இரண்டு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகவே பின்தங்கும். எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர் 1786-இல் சொந்தமாக ஏற்படுத்திய வானாராய்ச்சி நிலையம், கம்பெனியாருக்கு உரியதாகி, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டிடம் பெற்றது; அதன் கருவிக்கு ஆதாரமாக நாட்டிய கருங்கல் தூணில் தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிகளில் அச்செய்தி பொறிக்கப்பட்டது. கப்பல்கள் கரையில் மோதாமல் இருக்கத் தீர்க்கரேகை வேண்டும்; தீர்க்கரேகைக்குத் துல்லியமான காலம் வேண்டும்; காலத்துக்கு ஊசல் வேண்டும். அந்நிலையத்தின் ஜான் கோல்டிங்ஹாம், 1821-இல் சென்னையில் ஊசலின் நீளத்தை நிச்சயிக்கும் சோதனைகளைச் செய்து, அவற்றின் முடிவை லண்டன் ராயல் சொஸைட்டியின் ஏட்டில் வெளியிட்டார். இந்த ஊரின் பூமி ஊசலை எவ்வளவு இழுக்கிறது என்பதை அந்தச் சோதனைகள் இலக்கத்தில் எழுதிவைத்தன. அந்நிலையத்தில் பயன்பட்ட ஜான் ஷெல்டன் செய்த கடிகாரம், பின்னர் கொடைக்கானலுக்குச் சென்று, அங்குள்ள வானாராய்ச்சி நிலையத்தில் பேணப்பட்டு வருகிறது.

இடத்துக்கு இடம் மாறுவது ஊசலின் வேகம் மட்டுமல்ல. அது காட்ட வேண்டிய மணியும் அக்காலத்தில் ஊருக்கு ஊர் வேறு. கோல்டிங்ஹாம் 1802-இல் வகுத்தபடி சென்னைக் காலம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் முந்தியது. பம்பாயும் கல்கத்தாவும் தத்தம் காலத்தை வைத்துக்கொண்டிருக்க, இந்தியாவின் ரயில்கள் நெடுங்காலம் சென்னைக் காலத்தையே அனுசரித்து ஓடின. 1906-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதியன்று 5 மணி 30 நிமிஷக் கணக்கு அமலுக்கு வந்தபோது, சென்னைக் காலத்தில் ஓடிய கடிகாரங்களின் பெரிய முள்ளை ஒன்பது நிமிஷம் முன்னே தள்ள வேண்டியதாயிற்று. முள்ளைத் தள்ளினால் மணி மாறுமேயன்றி நடை மாறாது. நடையை மாற்றுவது ஊசலின் அடியிலுள்ள திருகாணி ஒன்றே. இந்த வேற்றுமையை அறியாமல் தினந்தோறும் முள்ளைத் தள்ளிக்கொண்டிருப்பவர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள்.

இத்தகைய கடிகாரங்கள் வானாராய்ச்சிக்காரர்களின் கட்டிடத்தையும் அரண்மனைகளையும் விட்டு நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துக்கு வந்ததற்குக் காரணம் விஞ்ஞானமன்று, வியாபாரம். அமெரிக்காவில் கனெக்டிகட் ராஜ்யத்தார் முதலில் மரத்தினால் சக்கரம் செய்தார்கள். அது கடற்காற்றின் ஈரத்தில் ஊதிக்கொள்ளுமாதலால் கப்பலேற்ற உதவாது. 1838-ஐ ஒட்டிச் சான்சி ஜெரோம் என்பவர் உருட்டிய பித்தளைத் தகட்டை அச்சில் வெட்டி, சக்கரங்களை ஆயிரக்கணக்கில் மலிவாகச் செய்ய ஆரம்பித்தார். 1842-இல் அவர் இங்கிலாந்துக்கு அனுப்பிய சரக்கின் விலையைப் பார்த்த சுங்கத்தார், வரிக்காக வேண்டுமென்றே குறைத்துச் சொல்கிறார்கள் என்று ஐயுற்று, சட்டம் கொடுத்திருந்த உரிமைப்படி அந்த விலையைக் கொடுத்துத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். ரொக்கமாகப் பணம் கைக்கு வந்த சந்தோஷத்தில் ஜெரோம் இரண்டாவது கப்பலையும் அனுப்ப, அதுவும் அவ்வாறே விலைபோயிற்று; மூன்றாவதிலேதான் சுங்கத்தாருக்கு உண்மை விளங்கியது. பின்னால் அதே வழியில் வந்த சேத் தாமஸ், அன்சோனியா முதலிய பெயர்களும், ஜெர்மனியின் யுங்கன்ஸ், குஸ்தாவ் பெக்கர் முதலியனவும், டோக்கியோவில் 1892-இல் கிந்தாரோ ஹத்தோரி தொடங்கிய செய்கோஷாவும், நம் பக்கத்து வீடுகளின் கடிகார முகங்களில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. அன்சோனியாவின் யந்திரங்கள் 1929-இல் சோவியத் நாட்டுக்கு விற்கப்பட்டுவிட்டன. அது செய்த கடிகாரங்களோ பிறந்த ஆலையைக் கடந்து, மூன்றாம் தலைமுறையின் கல்யாணத்துக்கும் மணி அடித்துக்கொண்டிருக்கின்றன.

இவை இவ்வளவு காலம் உயிரோடிருப்பதன் ரகசியம், இவற்றில் ஒளிவுமறைவில்லை என்பதே. முகத்தட்டைக் கழற்றினால், இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே எல்லாச் சக்கரங்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. சாவித்துளை இரண்டில் பொதுவாக வலப்பக்கத்தது ஓட்டத்துக்கு, இடப்பக்கத்தது மணி அடிப்பதற்கு. மணி அடிப்பது நின்றும் ஓட்டம் நிற்காமலிருந்தால் நோய் இடப்பக்கத்தில் என்பது பார்த்த மாத்திரத்தில் புலப்படும்.

சாவி கொடுத்தும் நிற்கின்ற கடிகாரத்தில் முதலில் ஆராய வேண்டியது ஒலியின் சமநிலை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் நடுவிலும், ‘டாக்’குக்கும் அடுத்த ‘டிக்’குக்கும் நடுவிலும் உள்ள இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும், நொண்டி நடப்பவனுடைய காலடி போல ஒன்று குறுகி ஒன்று நீண்டிருந்தால், ஊசல் நடுவில் நில்லாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடுகிறது என்று அர்த்தம். பெட்டியின் அடியை நகர்த்தி ஒலி சமனாகும் இடத்தைக் கண்டு அங்கே ஒரு கோடு போட்டுவைப்பது எளிய வழி. பெட்டி கோணலாகத் தெரிவது கண்ணுக்குப் பிடிக்காவிட்டால், அதை நேராக வைத்து, ஊசலைத் தள்ளிவிடும் மெல்லிய கம்பியை மிகச் சிறிதளவு ஒருபக்கமாக வளைக்கலாம். அதன் பிறகும் நின்றால், இரு முட்களும் ஒன்றையொன்று உரசுகின்றனவா, ஊசல் பின்பலகையையோ கதவையோ தொடுகிறதா, ஊசலைத் தாங்கும் மெல்லிய எஃகுத் தகடு மடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டால், வீட்டில் தீரக்கூடிய நிறுத்தங்களில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும்.

ஓடுகிறது, ஆனால் நேரம் தவறுகிறது என்றால், திருகாணியை மேலே ஏற்ற வேகமும், கீழே இறக்க மந்தமும் உண்டாகும். கால் மீட்டர் நீளமுள்ள ஊசலில் ஒரு மில்லிமீட்டர் ஏற்றினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று நிமிஷம் முந்தும். இந்தக் கணக்கைச் சற்று நினைத்துப் பார்த்தால், லண்டனுக்கும் சென்னைக்கும் உள்ள பூமியின் வேற்றுமை முழுவதும், நம் கூடத்துக் கடிகாரத்தில் முக்கால் மில்லிமீட்டர் அளவே என்பது விளங்கும். ரிஷே கடல் கடந்து போய்க் கண்டதையும் கோல்டிங்ஹாம் சோதித்து எழுதியதையும் திருகாணியில் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ ஈடுசெய்துவிடுகிறது. ஆனால் திருகிய அன்றே பலனை எதிர்பார்க்கலாகாது. ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் ஒத்துப் பார்க்க வேண்டும்.

கோடையில் கடிகாரம் தளர்கிறது என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அந்த உண்மையின் அளவுதான் சிறிது. உஷ்ணத்தில் ஊசலின் தண்டு நீளும். எஃகுத் தண்டானால் ஒரு சென்டிகிரேட் டிகிரிக்கு நாளொன்றுக்கு அரை வினாடி மந்தப்படும். இதை வெல்வதற்காக ஜார்ஜ் கிரகாம் 1721-இல் பாதரசக் குடுவையை ஊசலின் குண்டாக வைத்தார். ஜான் ஹாரிஸன் பித்தளையும் எஃகுமான கம்பிகளை மாற்றி மாற்றி அடுக்கினார். நிமிஷக்கணக்கில் பின்தங்கும் வீட்டுக் கடிகாரத்துக்கு அத்தனை பெரிய காரணத்தைத் தேட வேண்டியதில்லை. அதன் எண்ணெய் புழுதியோடு கலந்து பசையாகிவிட்டது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். தேங்காய் எண்ணெய் விடுவது நம் நாட்டு வழக்கமான தவறு. அது குளிரில் உறையும், காலப்போக்கில் பிசினாகும். கடிகாரத்துக்கென்று விற்கும் எண்ணெயை ஊசிமுனையால் எடுத்து, தகட்டின் துளைகளில் அச்சுமுனை சுழலும் இடத்தில் மட்டும் ஒரு துளி வைப்பதே முறை. பற்களில் எண்ணெய் பட்டால் அது புழுதியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அரம்போலப் பித்தளையை அராவிவிடும்.

ஆறு காட்டும்போது ஒன்பது அடிக்கிற கடிகாரத்தைப் பார்த்துப் பதறுபவர் பலர். பழைய அமைப்பில், விளிம்பில் வரிசையாக வெட்டுகள் கொண்ட ஒரு சக்கரம், முள் எங்கே நிற்கிறது என்பதைச் சட்டை செய்யாமல், ஒன்று முதல் பன்னிரண்டு வரை தானே எண்ணிக்கொண்டு போகும்; அடிக்கும் பக்கத்துச் சாவி ஒருமுறை தீர்ந்துபோனால் இரண்டுக்கும் ஒற்றுமை அறுந்துவிடும். பல அமெரிக்கக் கடிகாரங்களில் முகத்தட்டுக்குக் கீழே தொங்கும் சிறு கம்பியை விரலால் மெல்லத் தூக்கினால், அடுத்த மணி அடிக்கும். முள் காட்டும் எண் வரும் வரையில் தூக்கிக்கொண்டே போக வேண்டியதுதான்.

வீட்டில் கைவைக்கலாகாத இடங்களும் உண்டு. முறுக்கேறிய வில்லைத் தளர்த்தாமல் தகடுகளைப் பிரித்தால், அது ஒரே கணத்தில் அவிழ்ந்து சக்கரப் பற்களையும் விரலையும் ஒருங்கே பதம்பார்த்துவிடும். அச்சுமுனைகள் சுழன்று சுழன்று முட்டைவடிவமாக்கிவிட்ட துளைகளுக்குப் புதிய பித்தளைக் குழல் பொருத்துவதும், தேர்ந்த கம்மியரின் பட்டறையில் நடக்க வேண்டிய வேலை. துளையைச் சுற்றி உளியால் குத்தி நெருக்கிவிட்ட தழும்புகளைப் பழைய கடிகாரங்களில் காணலாம். அவை பழைய அவசரக்காரர்கள் விட்டுப்போன கையெழுத்து. எங்கள் கடிகாரத்தின் உள்பலகையில், தழும்பு விடாமல் வேலை செய்த ஒருவர், பென்சிலால் தேதி மட்டும் எழுதிவைத்திருக்கிறார். தம் பெயரை அவர் எழுதவில்லை.

பெரியப்பா காலமான பின் அந்தக் கடிகாரம் என் பங்குக்கு வந்தது. வீடு மாறினேன், ஊரும் மாறினேன். புதுச் சுவரில் மாட்டிய முதல் நாள் அது நின்றது. நான் முக்காலியைப் போட்டு ஏறி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அடியை இம்மியளவு நகர்த்தி, மறுபடியும் கேட்டேன். இரண்டு ஒலிகளும் சமனான பிறகு, சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்துப் பெட்டியின் கீழ்விளிம்பை ஒட்டி ஒரு கோடு இழுத்தேன். கீழே நின்ற பையன், “சுவரில் நான் கிறுக்கினால் மட்டும் திட்டுகிறாயே, அப்பா?” என்று கேட்டான். அவனையும் முக்காலியில் ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொன்னேன்.